7 மாச ஷார்ட்ஹேர்: கொல்லையில பாயிண்ட், புல்வெளியில ஓட்டம். அக்டோபருக்குள்ள சரியாகுமா?

#1 மதுரை_டு_மின்னசோட்டா (ஜூன்)

வணக்கம் மக்களே. எங்க வீட்டு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், பேரு மிளகு, பொட்டை, ஏழு மாசம் முடிஞ்சிருச்சு. அப்பா அம்மா ரெண்டுமே வேட்டைக்குப் போற நாய்ங்க.

தூண்டில் கம்பு நுனியில ஒரு ஃபெசன்ட் (கோழி இனத்து வேட்டைப் பறவை) றெக்கையக் கட்டி கொல்லையில ஆட்டுனா, முன்னங்கால் ஒண்ண மடக்கி, வால விறைச்சுக்கிட்டு அசையாம நிப்பா. பறவை இங்க இருக்குன்னு காட்டுற இந்த நிப்புக்குத்தான் பாயிண்ட்னு பேரு. வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியாச்சு. போன வாரம் ஒரு பண்ணைக்காரர் அவரு நிலத்துல விட்டுப் பாருன்னாரு. புல்லுக்குள்ள இருந்து பெட்டை ஃபெசன்ட் ஒண்ணு கிளம்புச்சு பாருங்க, நிக்கவும் இல்ல, திரும்பவும் இல்ல. அடுத்த வேலி வரைக்கும் துரத்திக்கிட்டே போயிட்டா. விசிலு, கத்தலு, ஒண்ணும் எடுபடல.

என் கேள்வி மூணு. ஈ-காலர் (ரிமோட்டுல ஷாக் குடுக்குற கழுத்துப்பட்டை) ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், துரத்தும்போது பட்டன அமுக்குனா பழகிரும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு, சரியா? வெடிச்சத்தம் பழக துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்ச் வாசல்ல கொண்டு போய்க் கட்டிப் போடலாமா? அக்டோபர் சீசனுக்கு ரெடியாவாளா? கூடுதலா ஒண்ணு: நான் ஹெச்-1பி வேலை விசால இருக்கேன். ஷாட்கன் வாங்கலாமா கூடாதா?

#2 கல்கரி_கிளிநொச்சி

தம்பி, மற்றதை எல்லாம் பிறகு கதைப்பம். அந்த ரேஞ்ச் வாசலுக்கு மட்டும் குட்டியைக் கொண்டு போகாதேங்கோ. கட்டிப் போட்டிருக்கிற நாய்க்கு ஓட வழியில்லை, சத்தம் எங்க இருந்து வருது எண்டும் விளங்காது. ஒரு பின்னேரத்தில நாய் துவக்குச் (துப்பாக்கி) சத்தத்துக்குப் பயந்ததாய்ப் போயிடும். பயம் பிடிச்ச பிறகு திருத்திறது மாதக்கணக்கான வேலை, சிலது திருந்தவே திருந்தாது. வெடிச்சத்தத்துக்கு நாய் என்ன பாடுபடும் எண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஜூலை 4 வருகுது, அமெரிக்கச் சுதந்திர தினம், ஊர் முழுக்க வாணவெடி. அண்டைக்கு ராத்திரி அவளை உள்ளுக்கு வைச்சு, ஜன்னலைச் சாத்தி, ரீவியைப் போட்டு விடுங்கோ. துவக்குப் பழக்கிற முறையைப் பிறகு எழுதுறன்.

#3 பழைய_செட்டர் (ஃபார்கோ, வடக்கு டகோட்டா)

தம்பி, மொதல்ல அந்தத் தூண்டில் கம்பைத் தூக்கிக் கராஜ்ல போடுங்க. றெக்கையை ஆட்டறப்ப குட்டி கண்ணுல பாத்து நிக்குது. புல்லுக்குள்ள பம்மி உக்காந்திருக்கற பறவை கண்ணுக்குத் தெரியாதுங்க, மூக்குக்குத்தான் தெரியும். கண்ணுல நின்னு பழகுன நாயி, வாசம் வந்தாலும் எங்க இருக்குதுன்னு பாக்கறதுக்கு முன்னால போகும். அதுக்குள்ள பறவை கிளம்பிடும். ரெண்டு மூணு தடவை ஆட்டிப் பாத்து, குட்டிக்கு ஆசை இருக்குதுன்னு தெரிஞ்சா போதும். அதுக்கு மேல அது வீடியோவுக்குத்தான் ஆகும்.

ரெண்டாவது, துரத்துனது தப்பே இல்லீங்க. ஏழு மாசத்துல துரத்தாத நாயைப் பாத்தாத்தான் எனக்குக் கவலை. ஆனா ஜூன்ல ஃபெசன்ட் குஞ்சும் குட்டியுமா இருக்கற நேரம். மின்னசோட்டாவுல அரசாங்க வனவுயிர் நிலங்கள்ல ஏப்ரல் 16 முதல் ஜூலை 14 வரைக்கும் நாயை அவுத்து விடக் கூடாதுன்னு விதியே இருக்குது. தனியார் நிலமா இருந்தாலும் அதையே வெச்சுக்கங்க.

மூணாவது, காலர். பறவை முன்னால பட்டனை அமுக்காதீங்க, எந்தக் காரணத்துக்காகவும். வலி எங்க இருந்து வந்துதுன்னு குட்டிக்குத் தெரியாது. அது மூக்குல அப்ப இருக்கறது பறவை வாசம், அதனால வாசம்தான் கடிச்சுதுன்னு எடுத்துக்கும். அப்புறம் பறவை இருக்கற பக்கமே போகாம சுத்திட்டுப் போற நாயி ஆயிடும். வாசம் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கும். துரத்தற நாயைத் திருத்திடலாம், ஒதுங்கற நாயைத் திருத்தறது குதிரைக்கொம்பு.

அப்ப என்ன பண்றதுன்னா, புறா. புறாவும் லாஞ்சரும்.

லாஞ்சர்ங்கறது ஒரு ஸ்பிரிங் கூடை. உள்ள புறாவை வெச்சு மூடி, புல்லுல மறைச்சு வெச்சுட்டு, ரிமோட்டைக் கையில வெச்சுக்கணும். குட்டி கழுத்துல 25, 30 அடி நீளத்துக்கு ஒரு விறைப்பான கயிறு, இங்க செக் கார்டுன்னு விப்பாங்க. இனி காத்தைப் பாருங்க. நேரா காத்துக்கு எதிர்த்தாப்பல கூட்டிட்டுப் போகாதீங்க, வாசம் எந்த இடத்துல ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்கே தெரியாம போயிடும். காத்துக்குக் குறுக்கால நடங்க. பறவை வாசம் ஊதுபத்திப் புகையாட்டம் காத்துப் போற பக்கமா நீண்டு, போகப் போக அகலமாகிக் கெடக்கும். குறுக்கால வர்ற குட்டியோட மூக்கு அதுக்குள்ள நொழையற நொடியில தலை டக்குனு திரும்பும். ஒடம்பு போற பக்கம் போகப் பாக்கும், தலை மட்டும் அந்தப் பக்கம். வால் ஆடறது நின்னு போகும். ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா அப்புறம் தப்பவே மாட்டீங்க.

அந்த நொடியில நீங்களும் நின்னுடுங்க. கயிறை இழுக்காதீங்க, வாயைத் தொறக்காதீங்க. அவ நின்னா நிக்கட்டும். பறவையைப் பாத்து ஒரே ஒரு அடி எடுத்து வெச்சாலும் பட்டனை அமுக்கிப் புறாவைப் பறக்க விட்டுடுங்க. துரத்துவா, கயிறு முடியற வரைக்கும் ஓடுவா, அப்புறம் நின்னு பாப்பா. அவ்வளவுதான், கூட்டிட்டு வந்துடுங்க. கிட்டக்கப் போனா பறவை போயிடும், நின்னாத்தான் இருக்கும்னு அவளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியது புறா. நாம சொன்னா அது உத்தரவு, மீறிப் பாப்பா. புறா சொன்னா அது நடப்பு.

ரெண்டு எச்சரிக்கை. லாஞ்சர் தொறக்கறப்ப சத்தம் வரும், மூக்கை வெச்சுட்டு நிக்கற குட்டி முன்னால அது வெடிச்சா அரண்டுடும். 10 மீட்டருக்குள்ள விடாதீங்க. இன்னொண்ணு, புறா ஒழுங்காப் பறக்கோணும். பண்ணையில வாங்குன பறக்க மாட்டாத காடையைப் போட்டீங்கன்னா ஒரு நாள் எட்டிப் புடிச்சுடுவா. புடிக்க முடியும்னு ஒருக்கா தெரிஞ்ச நாயி, அப்புறம் ஒவ்வொரு பறவைகிட்டயும் பூனை நடை நடந்து பாக்கும்.

#4 ஃபைல்_நம்பர்

விசா கேள்விக்கு மட்டும். அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி, ஹெச்-1பி மாதிரி குடியேற்றமில்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. அதற்கு விலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதில் ஒன்று. ஆகவே முதலில் லைசென்ஸ், பிறகுதான் கடை. மின்னசோட்டாவில் 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் லைசென்ஸ் வாங்க ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியை "சும்மா பிடிச்சுப் பார்க்கிறேன்" என்று கையில் வாங்குவதும் இந்த விதிக்குள் வரும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் இதில் விளையாட வேண்டாம், உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

#5 மதுரை_டு_மின்னசோட்டா

ஃபைல்_நம்பர், நல்லா இருப்பீங்க. பயிற்சிக்குப் பேரு குடுத்துட்டேன்.

செட்டர் அண்ணே, கம்பு கராஜுக்குப் போயிருச்சு. வாயத் தொறக்காதன்னு மதுரக்காரன்ட்ட சொல்றீங்க பாருங்க, அதுதான் கஷ்டம். லாஞ்சர் விலையப் பாத்தேன், ஒண்ணுக்கே நூத்துக்கணக்குல டாலர் கேக்குறாங்க. வேற வழி இருக்கா? புறாவுக்குக் கவலையில்ல. எங்க வீட்டு மொட்டமாடியில புறாக்கூடு வச்சுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்கே மட்டம் போட்டவன்.

#6 பழைய_செட்டர்

அப்பிடிச் சொல்லுங்க, பாதி வேலை முடிஞ்சுது. பந்தயப் புறா வளக்கறவங்க கிட்ட இளங்குஞ்சா வாங்குங்க. பெருசா வாங்குனா அவுத்து விட்ட அன்னிக்கே பழைய ஊட்டுக்குப் போயிடும், உங்களுக்கே தெரியும். இளசை உங்க கூட்டுல பழக்கிட்டா, காலையில லாஞ்சர்ல பறந்த புறா நீங்க ஊடு வந்து சேர்றதுக்கு முன்னால கூட்டுல உக்காந்திருக்கும். அதே புறாவையே திரும்பத் திரும்ப வெச்சுக்கலாம்.

லாஞ்சர் வாங்கோணும்னு இல்லீங்க. நாவ்டான்னு ஒரு சங்கம், வட அமெரிக்கப் பல்திறன் வேட்டை நாய்களுக்கானது, 1969-ல ஆரம்பிச்சது. மாநிலத்துக்கு மாநிலம் கிளை இருக்குது. பயிற்சி நாளுக்குப் போனா லாஞ்சர், பறவை, நிலம் எல்லாம் பகிர்ந்துக்குவாங்க. அங்க 16 மாசம் வரைக்கும் இருக்கற குட்டிகளுக்கு இயல்புத் திறன் தேர்வு ஒண்ணு வெக்கறாங்க. மூக்கு, தேடல், தடம் புடிக்கறது, பாயிண்ட், தண்ணி, ஆர்வம், ஒத்துழைப்புன்னு பாத்து 112-க்கு மார்க். மார்க்கை விடுங்க, நடுவருங்க பேசறதைக் கேட்டாலே நாயைப் பாக்கற கண்ணு வந்துடும்.

#7 மூனிக்_அக்கா

நான் மூனிக் பக்கம் இருக்கேன், தொழில் கால்நடை மருத்துவம், வீட்டுல ரெண்டு ஷார்ட்ஹேர். செட்டர் அண்ணா சொன்ன புறா முறையில எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. காலரைப் பத்தி மட்டும் சொல்லணும். "பறவை முன்னால வேண்டாம்"னு நிறுத்திட்டீங்க. எப்பவுமே வேண்டாம்ங்கறது என் கட்சி. ஜெர்மனியில மின்சாரக் காலரை நாய்ப் பயிற்சிக்குப் பயன்படுத்தறது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானதுன்னு 2006-ல ஃபெடரல் நிர்வாக நீதிமன்றம் சொல்லிடுச்சு. வேல்ஸ்ல 2010-லயே தடை. அதுக்காக இங்க வேட்டை நாய்ங்க கெட்டுப் போயிடல. இந்த இனத்தை உருவாக்கின நாடே இதுதான்.

இங்க வசந்த காலத்துல இளம் நாய்களுக்குத் தேர்வு நடக்கும். முயல் தடம், மோப்பம், தேடல், பாயிண்ட், சொன்னபடி நடக்கறது எல்லாம் பாப்பாங்க. வெடிச்சத்தத்துக்கு எப்படி இருக்குன்னும் குறிச்சுக்குவாங்க. எல்லாம் நீளக் கயிறும் விசிலும் பொறுமையும்தான். ஒரு நீளமான நடுக்க விசில் அடிச்சா எங்க இருந்தாலும் படுத்துடணும். அதைச் சமையலறையில ஆரம்பிச்சு, வெளிக்கதவு, தெரு, புல்வெளின்னு கொண்டு போவோம்.

#8 பழைய_செட்டர்

அம்மிணி, உங்க ஊர்ல ஆறு மாசம் பாடம் எடுத்து, பரிட்சை எழுதி, அதுக்கப்புறம்தான் துப்பாக்கியைத் தொட விடறாங்க. இங்க அப்பிடி இல்லீங்க. ஒரு சதுர மைல் புல்லு, அதை ஒட்டி மணிக்கு 60 மைல்ல லாரி போற ரோடு. மானைத் துரத்திட்டு ரோட்டுப் பக்கம் போற நாயை நிறுத்த எனக்கு வேற வழி தெரியல. காலர் சொல்லிக் குடுக்கற கருவி இல்ல, அதை ஒத்துக்கறேன். கயித்துல நூறு தடவை கத்துக்கிட்ட ஒரு சொல்லை, கயிறு இல்லாத தூரத்துல ஞாபகப்படுத்தத்தான். நம்ம மணிக்கட்டுல வெச்சா லேசா சுருக்குனு தெரியற அளவு, அதுக்கு மேல வேண்டாம். அதையும் ஒரு வயசுக்கு மேல பாத்துக்கலாம்.

#9 மூனிக்_அக்கா

ரோடு விஷயம் புரியுது அண்ணா. ஆனா நீங்க சொல்ற நிதானத்தோட அமுக்கறவங்க எத்தனை பேர்? மிளகோட பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன முறையைத்தான் பெரும்பாலானவங்க செய்யறாங்க. கடையில யார் வேணா வாங்கலாம், பெட்டிக்குள்ள நிதானம் வெச்சு விக்கறதில்ல.

#10 சுத்த_சைவம்

எல்லாரும் ரொம்ப அறிவியல்பூர்வமாகப் பேசுகிறீர்கள். பசிக்காக இல்லை, பொழுதுபோக்குக்காக ஒரு பறவையைச் சுடுவதற்கு இத்தனை படிப்பா? நாயை மட்டும் வதைக்கக் கூடாது, பறவையை வதைக்கலாம், என்ன நியாயம் இது?

#11 பழைய_செட்டர்

கேள்வி நியாயமானதுதானுங்க. நான் சுட்டதைத் தின்னுடறேன், அதனால பாவம் இல்லைன்னு எல்லாம் வாதாட மாட்டேன். ஒண்ணு ரெண்டு நடப்பை மட்டும் சொல்றேன். ஃபெசன்ட் இந்த மண்ணுப் பறவையே இல்ல. 1880-களோட தொடக்கத்துல ஷாங்காய்ல இருந்து அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பி வெச்சு ஊனுனது. இன்னிக்கு அது வாழற புல்வெளியில ஒரு பங்கு, 1985 விவசாயச் சட்டத்துல வந்த நிலப் பாதுகாப்புத் திட்டத்துல உழவர்களுக்குக் காசு குடுத்து உழாம போட்டு வெச்சிருக்கற நிலம். 1937-ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அது மாநில வனவுயிர்த் துறைகளுக்குப் போகுது. அந்தப் புல்லுல ஃபெசன்ட்டோட சேத்து வானம்பாடியும் கூடு கட்டுது. இதனால சுடறது சரின்னு ஆயிடாது. புல்லு இருக்கறதுக்கு யார் காசுன்னு மட்டும் சொன்னேன்.

#12 கரிசல்காட்டான்

கோவில்பட்டில இருந்து எழுதுதேன். எங்கிட்ட சிப்பிப்பாறை ஒண்ணு, கன்னி ஒண்ணு கெடக்கு. இந்தப் பாயிண்ட் எல்லாம் நம்ம நாய்க்குப் பழக்க முடியுமாண்ணே? கவுதாரி நம்ம காட்ல ஏகமா கெடக்கே.

#13 மட்டுறுத்துநர்

கரிசல்காட்டான், கடைசி வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி, காட்டுக் காடை உட்பட எதை வேட்டையாடுவதும் குற்றம். "நாய் பழக்குகிறேன்" என்று காட்டில் அவிழ்த்து விடுவதும் வம்புதான். இந்த இழை வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளுக்கு மட்டும். சைவ-அசைவ விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும்.

#14 பழைய_செட்டர்

கரிசல் தம்பி, கோவிச்சுக்காதீங்க. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணுல பாத்து ஓடிப் புடிக்கற சாதி. மெலிஞ்ச இடுப்பு, ஆழமான நெஞ்சு, எல்லாம் ஓட்டத்துக்குன்னு அமைஞ்சது. பாயிண்டுங்கறது பாயறதுக்கு முன்னால பம்மற அந்த நொடியை, தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி நீட்டி வெச்சது. ரத்தத்துல இல்லாததைக் கயித்துல கொண்டு வர முடியாது. நாம பழக்கறது பாயிண்டை இல்லீங்க, பாயிண்டுக்கு அப்புறம் நிக்கறதை. மூக்கு வெளையாட்டு வேணும்னா வீட்டுலயே துணியை ஒளிச்சு வெச்சுத் தேடச் சொல்லுங்க. உங்க ரெண்டுக்கும் புடிக்கும்.

#15 மதுரை_டு_மின்னசோட்டா (ஆகஸ்ட்)

அப்டேட். கிளப்புல சேந்தாச்சு. கூட்டுக்குப் புறாவும் வந்தாச்சு, பக்கத்து வீட்டு அம்மா இப்ப மிளகை விட புறாவைத்தான் கொஞ்சுது. செட்டர் அண்ணே சொன்ன தலைத் திருப்பல் அப்படியே நடக்குது. மொதல்ல ஒவ்வொரு புறாவுக்கும் முன்னால பாஞ்சா, புறா போச்சு. இப்ப வாசம் அடிச்ச எடத்துலயே நின்னு, கீழ்த்தாடை மட்டும் லேசா நடுங்குது. நான் அவ முன்னால நடந்து போய்ப் புல்ல உதைச்சா மட்டும் பொறுக்காம ஓடி வந்துர்றா.

"வோ" (நில்லுன்னு அர்த்தம்) சொல்லி நிறுத்திப் பாத்தேன், திரும்பி என்னயப் பாக்குறா. இது நல்லதா கெட்டதா? அப்புறம் கிளிநொச்சி அண்ணே, வெடிப் பாடம் பாக்கி இருக்கு.

#16 பழைய_செட்டர்

நல்லது இல்லீங்க. பறவை மேல இருக்க வேண்டிய கவனம் உங்க மேல வந்துடுச்சு. "வோ"வைப் பறவை இல்லாத எடத்துல தனியா முடிச்சுட்டு வாங்க. ஒரு பலகை, தரையில இருந்து நாலு விரக்கடை உசரம், அவ நாலு காலும் நிக்கற அளவு. அது மேல ஏத்தி நிக்க வெச்சு, எறங்குனா சத்தமில்லாம தூக்கி மறுபடி அதே எடத்துல வெக்கணும். அதட்டல் கூடாது. நிக்கறதுன்னா என்னன்னு காலுக்குப் புரிஞ்சப்புறம் சொல்லைச் சேருங்க. அப்புறம் நீங்க அவளைச் சுத்தி நடங்க, முன்னால போங்க, புல்ல உதைங்க, தொப்பியை வீசுங்க. அசையாம நின்னாத்தான் அந்தச் சொல்லு அவளுதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னால புறா கிட்டக்க அந்தச் சொல்லைக் கொண்டு போகாதீங்க.

இதே கணக்கு, வான்னு கூப்பிடற "ஹியர்"க்கும். துரத்திட்டு ஓடறப்ப கூப்பிடாதீங்க. அப்ப அவ வர மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். வராம இருக்கலாம்னு அவளுக்கும் தெரிஞ்சுடும். நடத்த முடியாத உத்தரவை வாயில இருந்து விடவே கூடாது. ஓடி முடிச்சுத் திரும்பறப்ப, முகம் உங்க பக்கம் வந்தப்புறம் கூப்பிடுங்க.

புல்ல உதைக்கறப்ப ஓடறது இந்த வருஷம் ஓடட்டும். பறவை பறந்து, சுட்டு, விழுந்தும் அசையாம நிக்கறதெல்லாம் ரெண்டாவது சீசன் சமாச்சாரம்.

#17 கல்கரி_கிளிநொச்சி

மன்னிக்கோணும், வேலை கூடிப்போச்சு. துவக்குப் பாடம் இதுதான்.

சத்தம் எப்பவும் பறவைக்குப் பின்னால வரோணும், முன்னால வரக்கூடாது. புறா பறக்குது, மிளகு முழு வேகத்தில துரத்துறாள், அவளின்ர மனம் முழுக்கப் புறாவில. அந்த நேரத்தில நூறு மீட்டருக்கு அங்கால ஒரு ஆள் .22 வெற்று வெடி ஒண்டு வைக்கோணும். ஒண்டே ஒண்டு. பிறகு நாயைப் பார்க்கோணும். காது பின்னுக்குப் போச்சுதோ, வால் தாழ்ந்துதோ, ஓட்டம் தட்டுப்பட்டுதோ? ஒண்டும் இல்லையெண்டால் அண்டைக்கு அவ்வளவும் போதும். அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட. சின்ன அடையாளம் தெரிஞ்சாலும் தூரத்தைக் கூட்டிப்போடுங்கோ. .22-க்கு அசையாமல் வந்த பிறகு, திரும்பவும் தூரத்தில இருந்து 20 கேஜ் ஷாட்கன், அதுக்குப் பிறகு அதைவிடப் பெரிய 12 கேஜ். இதை அவசரப்படுத்தி லாபம் கண்ட ஒருத்தரையும் நான் காணேல்லை. சீசன் தொடங்கினதும் நாலைஞ்சு பேரோட சேர்ந்து போகாதேங்கோ, எல்லாரும் ஒரே நேரத்தில வெடி வைப்பினம். நீரும் நாயும், கூட ஒரு ஆள், காணும்.

#18 பழைய_செட்டர்

ஃபெசன்ட்டுக்கு முன்னால அவளுக்கு ஒரு நல்ல வாத்தியார் வேணும். செப்டம்பர் கடைசியில வடக்குப் பக்கம் போய் உட்காக்னு ஒரு பறவை, அதைத் தேடுங்க. இளம் ஆஸ்பென் மரம் நெருக்கமா மொளைச்ச ஈர நெலத்துல மண்புழு தேடித் திங்கும். ஓடாம உக்காந்தே இருக்கற பறவை, குட்டிக்கு நிதானமா மூக்கை வெச்சுப் பாக்க நேரம் குடுக்கும். ஒரு நாளைக்கு மூணுதான் கணக்கு. வலசைப் பறவைங்கறதால லைசென்ஸ் வாங்கறப்பவே அதுக்குன்னு பதிவு பண்ணிக்கங்க. காட்டுல முள்ளம்பன்றியும் இருக்கும், குறடு ஒண்ணு பையில இருக்கட்டும்.

ஃபெசன்ட் சேவல் நேர் எதிர். அது உக்காராது, தலையைத் தாழ்த்திட்டுப் புல்லுக்குள்ள ஓடும். காலுல முள்ளு வேற இருக்குது. அவ மொத மொதல்ல கவ்வறது றெக்கை ஒடிஞ்சு உயிரோட இருக்கற சேவலா இருந்தா, மூஞ்சியில வாங்கிட்டு அப்புறம் எதையும் எடுக்க மாட்டேன்னுடும். செத்த புறாவை எடுத்துக் குடுக்கப் பழக்கிட்டுப் போங்க.

#19 மதுரை_டு_மின்னசோட்டா (அக்டோபர்)

மக்களே, மொத ஃபெசன்ட் வாரம் முடிஞ்சது.

முன்னாடி உட்காக் கதை. மிளகு அருமையா நின்னா, நான் நடந்து போய்க் கிளப்பி ஒண்ண விழுத்தாட்டினேன். ஓடிப் போய்க் கவ்வுனா, மூஞ்சியச் சுழிச்சா, துப்பிட்டுத் திரும்பி வந்துட்டா. கிளப்புல சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க, உட்காக்க வாயில எடுக்காத நாய் நெறைய உண்டாம்.

ஃபெசன்ட்டுக்கு வருவோம். இங்க காலை 9 மணிக்குத்தான் ஆரம்பம். அக்டோபர்னு பேரு, வெயில் கொளுத்துச்சு, ரெண்டு பேருக்கும் சேத்துத் தண்ணி தூக்கிக்கிட்டுப் போனேன். ஃபெடரல் நீர்ப்பறவை நிலம்ங்கறதால ஈயத்துக்குப் பதிலா ஸ்டீல் ரவை. கோரைப் புல்லு ஓரமா காத்துக்கு எதிர விட்டேன். நின்னா. நான் கிட்டக்கப் போறதுக்குள்ள தானா வெலகி, தலையத் தாழ்த்தி, மெதுவா முன்னேறி, மறுபடி நின்னா. மறுபடி வெலகுனா. எனக்கு "வோ" சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். கோரை முடியிற எடத்துல, உழுத மண்ணு தெரியிற ஓரத்துல, ஒடம்ப வில்லா வளைச்சு நின்னா பாருங்க. அங்கிட்டு ஓடுறதுக்கு மறைவு இல்லாம சேவல் மாட்டிக்கிச்சு. காலடியில இருந்து கத்திக்கிட்டு எந்திரிச்சது. விழுந்துச்சு, ஆனா றெக்கை மட்டும் ஒடிஞ்சு கோரைக்குள்ள ஓடிருச்சு. மிளகு மூக்கத் தரையில வச்சுக்கிட்டுப் போனவ ரொம்ப நேரம் வரல. வந்தப்ப வாயில சேவல், உயிரோட.

ஆனா பத்தடி தள்ளி நின்னுக்கிட்டு தர மாட்டேங்குறா. நான் ஒரு அடி வச்சா அவ ரெண்டு அடி பின்னால போறா. இன்னொரு சேவலு அவ பாயிண்ட் பண்ணாம மிதிச்சுக் கிளப்புனது, நான் சுடல. கூட வந்த நண்பர் "விட்டுட்டியேய்யா"ன்னு இன்னும் புலம்புறாரு.

#20 மூனிக்_அக்கா

சுடாம விட்டதுதான் அன்னிக்கு நடந்ததுலயே பெரிய பாடம். அவ நின்னுக் குடுத்த பறவைதான் விழும்னு இந்த வருஷம் முழுக்க வெச்சுக்கோங்க.

தர மாட்டேங்கறதுக்கு: அவளை நோக்கிப் போகவே போகாதீங்க. திரும்பிக்கிட்டு எதிர்ப்பக்கம் நடங்க, குந்தி உக்காருங்க, பின்னாலயே வந்துடுவா. வந்ததும் பறவையைப் பிடுங்காதீங்க. நெஞ்சைத் தடவி, கழுத்தைத் தடவி, அது வாயில இருக்கட்டும். கொண்டு வந்தா பறிச்சுக்குவாங்கன்னு நினைக்கற நாய்தான் தள்ளி நிக்கும். சீசன் முடிஞ்சதும் மரக்கட்டையில "பிடி, வெச்சிரு, குடு"ன்னு ஒழுங்காப் பழக்கலாம். அங்க சிலர் காதைக் கிள்ளிப் பழக்கறாங்க, அது இல்லாமலே வரும்.

மருத்துவரா ஒண்ணு: வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு, அக்குள், காது, கண் இமைக்குள்ள எல்லாம் புல் முள் பாருங்க. அந்த விதைக்கு ஒரே திசையில போற முள் உண்டு, உள்ள போனா திரும்பாது. நாள் கழிச்சு விரல் நடுவுல வீங்கிச் சீழ் வெச்சாலோ, காரணமில்லாம காய்ச்சலோ இருமலோ வந்தாலோ, டாக்டர்கிட்ட "புல்வெளியில ஓடின நாய்"னு மொதல்லயே சொல்லிடுங்க.

#21 பழைய_செட்டர்

வெலகி வெலகி மறுபடி நின்னா பாருங்க, அதைத்தான் யாரும் சொல்லிக் குடுக்க முடியாதுங்க. நீங்க "வோ"ன்னு கத்தியிருந்தா அவ அங்கயே நின்னிருப்பா, சேவல் அடுத்த பண்ணைக்குப் போயிருக்கும். நண்பர் கிட்டச் சொல்லுங்க, தாழப் பறக்கற பறவைக்கும் சுடக் கூடாது. பறவைக்குக் கீழ வானம் தெரிஞ்சாத்தான் துப்பாக்கி தூக்கணும், நாயி குதிச்சுட்டு வரும்.

டிசம்பர் 1-ல இருந்து உங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சேவல்ங்கற கணக்கு மூணாகும். பனி விழுந்தப்புறம் எல்லாம் கோரைச் சதுப்புக்குள்ள ஒண்டும், கூட்டமும் கொறைஞ்சுடும். ஆனா ஐஸ் கனம் தெரியாத சதுப்புல மிளகை விடாதீங்க. கோரைத் தண்டைச் சுத்தி ஐஸ் மெலிசா இருக்கும். நல்லா இறுகற வரைக்கும் மேட்டுப் புல்லுலயே ஓட்டுங்க. அந்தப் பண்ணைக்காரருக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டு போய்க் குடுங்க, அடுத்த வருஷமும் நெலம் வேணுமில்ல.